கருவி செய்த கணக்கர்

இசைக்கருவியை ஆக்குவோன் ஒருவன். அதனை இசைப்போன் மற்றொருவன். இசைப்போனைப் பாட்டும் உரையும் போற்றும். ஆக்குவோனை உலகம் எளிதில் மறந்துவிடும். நம் முன்னோர் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என யாழின் வகைகளை எண்ணிப் பெயரிட்டனர். பாணரின் பெருமையைப் பலவாறு பாடினர். ஆயினும் பத்தரைக் குடைந்து, கோட்டினைப் பொருத்தி, நரம்பு கட்டிய கைவினைஞனின் பெயர் நம் நெஞ்சில் நிலைத்திலது. இதற்கு மாறாக, ஆக்கியோன் பெயரே கருவிக்கும் பெயராகி உலகெங்கும் பரவிய செய்தியொன்று சென்ற நூற்றாண்டில் அமெரிக்க நாட்டிலே நிகழ்ந்தது. அப்பெயருக்குரியவர் லியோ பெண்டர். அவர் கிற்றார் இசைக்க ஒருநாளும் கற்றிலர் என்பதும், தம் பெயரையே விற்க நேர்ந்தவர் என்பதும் அவர்தம் வரலாற்றை நாம் ஊன்றி நோக்குதற்குரிய காரணங்களாம்.

இளமை

கலிபோர்ணியா மாநிலத்தில், அனகைம், புலர்ட்டன் என்னும் ஊர்களை அடுத்த தோடைத் தோட்டமொன்றில் 1909ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 10ஆந் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் தோடை பயிரிட்டு வாழ்ந்த உழவர். எட்டாம் வயதிற் கட்டியொன்று தோன்றியமையால் இடக்கண்ணை இழந்தார். அது தொட்டுக் கண்ணாடியாலான செயற்கைக் கண்ணே அவருக்கு அணியாயிற்று. சிறுவயதிற் சிறிது பியானோவும் பின்னர்ச் சட்சபோனும் பயின்றாரெனினும், இசைஞராகும் எண்ணம் அவரிடம் வேரூன்றவில்லை.

அவர் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. மோட்டார் வண்டிகளின் மின்பகுதிகளைத் திருத்தும் மாமனார் ஒருவர் சாந்தாமரியா என்னும் ஊரில் இருந்தார். அவர் தம் கையாலே இயற்றிய வானொலிப் பெட்டியொன்றிலிருந்து உரத்தெழுந்த இசையைப் பதின்மூன்று பதினான்கு வயதினராகிய லியோ கேட்டார். எங்கோ பிறந்த ஒலி மின்னாகி வந்து மீண்டும் ஒலியாகும் விந்தை அவரை ஆட்கொண்டது. அன்று முதல் வானொலிப் பெட்டிகளைப் பிரிப்பதும் பூட்டுவதும் அவருக்குப் பொழுதுபோக்காயின.

எனினும் கல்லூரியில் அவர் கற்றது மின்னியல் அன்று, கணக்கியலே. 1928ஆம் ஆண்டிற் புலர்ட்டன் இளநிலைக் கல்லூரியிற் சேர்ந்து அதனைப் பயின்றார். பின்பு பனிக்கட்டி விற்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றினார்; மாநில நெடுஞ்சாலைப் பகுதியிற் கணக்கரானார். 1934இல் எசுதர் என்னும் மங்கையை மணந்தார். அக்காலம் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் வாட்டிய காலம். நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த வேலை போயிற்று; அடுத்து வண்டிச் சக்கரங்களுக்கு ரயர் விற்கும் நிலையமொன்றிற் கிடைத்த கணக்கர் வேலையும் நிலைக்கவில்லை. பிறர் கணக்கை எழுதி வாழ்வது இயலாதெனக் கண்டவர், 1938இல் 600 டொலர் கடன்பெற்றுப் புலர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்தார். ஊழ் ஒரு வாயிலை அடைக்க, முயற்சி மற்றொரு வாயிலைத் திறந்ததென்க.

நரம்பும் காந்தமும்

ஆண்டு அவர் கண்ட குறைபாட்டை உணர்தற்குக் கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். யாழுக்குப் பத்தர் போலவும் வீணைக்குக் குடம் போலவும் கிற்றாருக்கு உட்குடைவான உடல் உண்டு. நரம்பின் மெல்லொலியைப் பெருக்குவது அதுவே. கொம்பும் முரசும் முழங்கும் நடன அரங்குகளில் அப்பெருக்கம் போதாதாயிற்று. அதற்கு மருந்தாக வந்தது பிக்கப் எனப்படும் உறுப்பு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றி, அதனை உருக்கு நரம்புகளின் கீழே வைத்தால், நரம்பு அதிருந்தோறும் காந்தப்புலம் அசையும். அவ்வசைவாற் கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். 1831இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையே இது. இவ்வழியில் இயங்கும் மின்கிற்றார் 1930களின் தொடக்கத்திலேயே யோர்ச் போசாம் என்பவரது முயற்சியாலும் றிக்கன்பாக்கரின் துணையாலும் தோன்றிவிட்டது. ஆகவே மின்கிற்றாரை முதன்முதற் கண்டவர் பெண்டர் எனல் பொருந்தாது.

ஆயினும் புதுக்குறையொன்று எழுந்தது. ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் கருவியின் குடைவான உடலைத் தாக்கி அதிரச் செய்ய, அவ்வதிர்வு மறுபடியும் ஒலிபெருக்கிக்குச் செல்ல, முடிவில் ஊளையொத்த பேரொலி அரங்கை நிறைத்தது. பழுதடைந்த ஒலிபெருக்கிகளையும் கருவிகளையும் பெண்டரின் கடைக்குக் கொணர்ந்த இசைஞர் இக்குறையையும் உடன் கொணர்ந்தனர். மின்னால் ஒலி பெருகுமாயின் குடைவு எதற்கு என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

முன்பு றிக்கன்பாக்கர் நிறுவனத்தோடு தொடர்புற்றிருந்த டொக் கவ்மன் என்பவரோடு கூடி, நரம்புகள் சுருளின் ஊடே செல்லத்தக்க புதிய பிக்கப் ஒன்றை அவர் அமைத்தார். அதற்கு 1944இல் விண்ணப்பித்து 1948இல் உரிமம் பெற்றனர். அதனைச் சோதிப்பதற்கெனக் குடைவற்ற திண்மரத்தாற் சிறு கிற்றார் ஒன்று செய்யப்பட்டது. சோதனைக்கெனச் செய்த அதனையே ஊரிசைஞர் விரும்பி இரவல் வாங்கினர். இருவரும் 1945இல் தொடங்கிய கூட்டுத்தொழில் நீடிக்கவில்லை. கவ்மன் விலகிக்கொள்ள, 1946இற் பெண்டர் தம் பெயரிலேயே நிறுவனத்தை அமைத்தார்.

திருத்துவோன் கண்

1950ஆம் ஆண்டில் வெளிவந்த திண்மரக் கிற்றார் அவர் புகழை நாட்டிற்று. திண்ணுடற் கிற்றாரை வேறு சிலரும் அதற்குமுன் செய்து பார்த்ததுண்டு. பெண்டர் செய்த புதுமை யாதெனின், அதனைப் பலரும் வாங்கத்தக்க விலையில், தொழிற்சாலையிற் பெருந்தொகையாய் ஆக்கத்தக்க வகையில் அமைத்தமையாம். பழைய கம்மியர் தண்டினை உடலோடு பசையிட்டு ஒட்டுவர். அது கோணினாற் கருவி முழுவதும் கைவினைஞனிடம் நெடுநாட் கிடக்கும். பெண்டரோ தண்டினை நான்கு திருகாணிகளாற் பூட்டினார். பழுதுற்ற தண்டைக் கழற்றி வேறொன்றைச் சில நிமிடத்திற் பூட்டலாம். மின்பகுதியையும் மேற்றகட்டைத் திறந்து எளிதில் அணுகலாம். பழுது பார்ப்போன் ஒருவனே கருவியை ஆக்கப் புகுந்தமையால் விளைந்த நன்மை இது. எப்பொருளும் என்றோ ஒருநாள் பழுதுறும் என்பதை அவர் கடைமேசை அவருக்கு முன்னரே கற்பித்திருந்தது.

அக்கருவிக்கு அவர் முன்னர் இட்ட பெயர்களுள் ஒன்று புறோட்காஸ்ரர். மற்றொரு நிறுவனம் தன் முரசுகளுக்கு அதனையொத்த பெயரை முன்னரே வழங்கிவந்தமையால் அப்பெயரைக் கைவிட நேர்ந்தது. முன்னர் அச்சிட்ட ஒட்டுத்தாளை வீணாக்க விரும்பாமல் அதிலிருந்து கருவியின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டினர். இவ்வாறு 1951இற் சில மாதங்கள் பெயரற்ற கிற்றார்கள் வெளிவந்தன. பின்பு ரெலிகாஸ்ரர் என்னும் பெயர் வாய்த்தது. பெயரற்றுச் சென்ற அக்கருவிகளே இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் அரும்பொருளாயின.

அதே 1951இல், ஆளுயரப் பெருங்கருவியைச் சுமந்து திரிந்த மந்தர சுர வாத்தியக்காரருக்கு, மெட்டுக்களோடு கூடிய மின்பாசு கிற்றாரை அளித்தார். 1954இல் மூன்று பிக்கப்புகளும், மார்பிலும் விலாவிலும் உறுத்தாத வளைந்த உடலும், சுரத்தை அசைக்கும் நெம்புகோலும் கொண்ட ஸ்ராற்றோகாஸ்ரர் தோன்றியது. விளிம்பு விலாவில் இடிக்கிறதென்று முறையிட்டவர் ஓர் இசைஞர். தாம் வாசிக்க அறியாதவராதலின் வாசிப்போர் சொல்லை அவர் செவிமடுத்தார். புதிதாகச் செய்தவற்றை அரங்குகளுக்கு அனுப்பி, குறை கேட்டு, மீண்டும் திருத்தினார். அறியாமை அவரிடத்திற் செருக்காகாமற் பணிவாயிற்று. கற்றோம் என்னும் நினைவாற் செவியை அடைத்துக்கொள்ளும் நம்மனோர்க்கு இஃது ஒரு பாடமன்றோ?

பெயரை விற்றவர்

1950களில் அவரைப் பற்றிய தொற்றுநோயொன்று ஆண்டுக்கணக்காய் அவரை விடாது வருத்தியது. நெடுநாள் வாழோம் என்று அவர் நம்பினார். தம்மை நம்பிய தொழிலாளரையும் தொழிலையும் ஒழுங்குபடுத்திச் செல்லுதல் கடனென எண்ணி, 1965ஆம் ஆண்டு சனவரியில் நிறுவனத்தைச் சீ.பீ.எஸ். என்னும் பெரு நிறுவனத்துக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றார். கடன்பெற்ற 600 டொலரோடு ஒப்பிடின் இது பெருஞ்செல்வமே. ஆனால் விற்ற சில ஆண்டுகளுள் வேறொரு மருத்துவர் தந்த மருந்தால் நோய் முற்றும் நீங்கியது. உயிர் மீண்டது, பெயர் மீளவில்லை. அவர் உடன்பிறந்த பெயர் இப்போது பிறர் உடைமை. தாம் செய்யும் கருவியில் அதனைப் பொறிக்கும் உரிமை அவருக்கில்லாது போயிற்று.

அக்காலத்தே அவர் பெயர் தாங்கிய கருவிகள் புகழின் உச்சியை எட்டின. 1969இல் வூட்சுரொக் பெருவிழாவில் ஜிமி ஹென்றிக்ஸ் முழக்கியது ஸ்ராற்றோகாஸ்ரரே. ஆனால் 1970களிற் செய்யப்பட்டவை பழையவற்றின் தரத்தினின்றும் இழிந்தன என்று இசைஞர் குறைகூறினர். தம் பெயர் பொறித்த பொருளைக் குறித்து அப்பழி எழ, அதனைத் திருத்தும் அதிகாரமின்றி ஒதுங்கி நின்ற கைவினைஞரின் மனநிலையை வாசகரே உன்னுக. பழம்புகழைச் சொல்லிக் காலங்கழிக்க அவர் ஒருப்படவில்லை. ஒப்பந்தம் தடுத்த காலம் கழிந்தபின், மியூசிக் மான் என்னும் நிறுவனத்திலே தம் பெயரின்றியே பணிசெய்தார். மின்கலத்தால் இயங்கும் ஒலிச்சீரமைப்போடு கூடிய ஸ்ரிங்றே பாசு 1976இல் வெளிவந்தது. 1979இல் மனைவியை இழந்தார். அவ்வாண்டளவிலேயே பழந்தோழர் யோர்ச் புலர்ட்டனோடு கூடி, இருவர் முன்னெழுத்துக்களையும் இணைத்து ஜீ அண்ட் எல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். முழுப்பெயர் வாயாதவிடத்து ஓரெழுத்து எஞ்சியது. பாக்கின்சன் நோய் உடலை நடுக்கிய முதுமையிலும் நாடோறும் பணிமேசைக்கு வந்தார். 1991ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆந் திகதி, தம் 81ஆம் வயதில் மறைந்தார்.

மறைவின் பின்

அவர் வாழ்நாளிலேயே இசையுலகில் மற்றொரு மாறுதல் தொடங்கிவிட்டது. வெவ்வேறு மின்னிசைக் கருவிகள் தம்முள் உரையாடும் பொதுமொழியாக மிடி என்னும் முறை 1983இல் வகுக்கப்பட்டது. மிடி என்பது தமிழில் வறுமைக்குப் பெயர்; இதுவோ ஒரு கருவிக்குப் பல கருவிகளின் குரலை வழங்கும் செல்வம். இம்முறை ஒலியைக் கொண்டுசெல்வதில்லை; எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்னும் செய்தியையே கொண்டுசெல்லும். பியானோக் கட்டைக்கு இஃது எளிது. கிற்றாருக்கோ அரிது, ஏனெனிற் பெண்டர் அமைத்தது போன்ற பிக்கப், ஆறு நரம்பின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும். ஆகவே நரம்பொன்றுக்கு ஒரு சுருளாக ஆறு சுருள் கொண்ட மெல்லிய பிக்கப் வேண்டுவதாயிற்று. அதனைப் பாலத்தை ஒட்டி, நரம்புகளுக்குக் கீழே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியிற் பொருத்துவர். இடைவெளி மிகுந்தாற் செய்தி தளரும். குறைந்தால் நரம்பு தட்டும். நரம்பு உருக்காலானதாகவும் இருத்தல் வேண்டும். தடித்த நரம்பு நொடிக்கு 82 முறையளவே அதிர்வதால், ஓர் அதிர்வு நிறைய 12 மில்லிசெக்கன் செல்லும். அதனை அளந்தே சுரத்தை அறிய வேண்டியிருத்தலின் மந்தர சுரங்கள் சற்றே தாழ்த்து ஒலிக்கும் இடர்ப்பாடும் உண்டு.

பல கிற்றார்களின் குரலைக் கணிப்பொறியாற் போலச்செய்யும் மொடலிங் கிற்றார்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவின. அவற்றின்மேலும் மிடி பிக்கப்பை ஏற்றி, ஒரே தண்டிலிருந்து இருவகைக் குரலையும் பெறுவோர் உளர். 2007இற் பெண்டர் நிறுவனமும் சப்பானிய நாட்டு றோலண்ட் நிறுவனமும் கூடி வெளியிட்ட ஸ்ராற்றோகாஸ்ரர் ஒன்று, ஆறுசுருட் பிக்கப்பையும் கணிப்பொறியையும் தன் உடலுள்ளேயே தாங்கிற்று. அதன் தலையில் இருந்த பெயர், பதினாறு ஆண்டுகளின் முன் மறைந்த கணக்கருடைய பெயரே.

தண்டு வேறு, உடல் வேறு, மின்பகுதி வேறு எனக் கழற்றியும் பூட்டியும் மாற்றத்தக்க கருவியை 1950இல் அவர் வகுத்திராவிடின், பிற்காலத்தார் புத்துறுப்பைத் துணிந்து சேர்த்திருப்பார்களோ? குறையற்ற பொருளைச் செய்துவிட்டோம் என்று கருதுவோன் அதனை மூடி முத்திரையிடுவான். திருத்தம் இன்னும் உண்டு என்று அறிந்தவனே திருகாணியிட்டு வைப்பான். பெயரை விற்கலாம், வாங்கியோர் அதனைத் தாழ்த்தவும் உயர்த்தவும் கூடும். பின்வருவோர் கைவைத்துத் திருத்த இடம்விட்டுச் சென்ற அறிவை எவரும் விலைக்கு வாங்க இயலாது. லியோ பெண்டர் விட்டுச்சென்ற உண்மைச் செல்வம் அதுவே.