கன்று காத்த மருத்துவர்

சினைப்பசு நாள் நிறையுமுன் கன்று வீசினால் உழவர் வீட்டில் கன்றும் இல்லை, பாலும் குறையும். இத்துன்பத்தின் காரணத்தைத் தேடியவர் பெர்ன்ஹார்ட் பேங்.

இவர் 1848ஆம் ஆண்டு டென்மார்க்கில் பிறந்தார். மருத்துவம் பயின்று, கோபன்ஹேகன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். கன்று வீசும் நிலையிலிருந்த பசு ஒன்றை அறுத்து ஆராய்ந்தார். கருப்பைச் சுவருக்கும் கருவைச் சூழ்ந்த உறைக்கும் இடையே சீழ் போன்ற நீர் தேங்கியிருந்தது. அதனுள் நுண்ணிய பாக்டீரியாக்கள் நிறைந்திருந்தன. அவற்றைத் தனியே வளர்த்து, நலமான சினைப்பசுக்களுக்குச் செலுத்தினார்; அவற்றுக்கும் அதே நோய் கண்டது. நஞ்சுக்கொடி பழுதுபட்டு உணவு தடைப்படுவதால் கரு மடிகிறது. பேங் தம் கண்டுபிடிப்பை 1897இல் வெளியிட்டார், 1932இல் மறைந்தார்.

இன்று இந்தியாவில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி போடப்படுகிறது. கோவிந்தாபுரத்துத் தொழுவங்களுக்கும் அவர் உழைப்பு பயன் தருகிறது.