படைவீரர் தந்த அளவுகோல்

புள்ளியியல் தாளில் தர ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டுக் களைத்த நண்பர்களுக்கு ஸ்பியர்மன் என்னும் பெயர் புதிதன்று. அவர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலப் படையில் அதிகாரியாக இருந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

சார்லசு ஸ்பியர்மன் 1863ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். 1897இல் படைப் பணியைத் துறந்து, செருமனியின் லைப்சிக் நகரில் வுண்ட் என்னும் பேரறிஞரிடம் உளவியல் பயிலச் சென்றார். இடையே தென்னாப்பிரிக்கப் போர் மூளவே, படை அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. டாக்டர் பட்டம் பெற்றது 1906இல். வயதோ நாற்பதைக் கடந்திருந்தது! 1907 முதல் 1931 வரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றினார்.

பட்டம் பெறுமுன்பே, 1904இல், அவர் ஓர் அரிய உண்மையை எழுதினார். அளவையிலுள்ள பிழை, இரண்டு பொருள்களுக்கிடையேயான தொடர்பையே சுருக்கிக் காட்டும் என்பதே அது. இரு அளவைகளின் நம்பகமும் 0.5 எனில், உண்மை ஒட்டுறவில் பாதிதான் ஏட்டில் தெரியும்.

அவர் சோதித்தது பள்ளிச் சிறுவர்களை. ஆனால் இவ்வுண்மை இன்று மருத்துவமனைக்கும் வேண்டியதாயிற்று. நீரிழிவு போன்ற நாட்பட்ட நோயுடையோர் தம் நோயைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என அறிய, 1996இல் வைன்மன் குழுவினர் ஒரு வினாநிரலை அமைத்தனர். நோய் எவ்வளவு காலம் நீடிக்கும், மருத்துவம் எவ்வளவு உதவும் என்பன போன்றவற்றை அது அளக்கிறது. இதன் நம்பகம் குறைந்தால், நோயாளியின் எண்ணத்துக்கும் அவர் மருந்துண்ணும் ஒழுங்குக்கும் உள்ள தொடர்பு சிறுத்துத் தோன்றும். எண்ணத்தால் ஆவது ஒன்றுமில்லை என மருத்துவர் விட்டுவிடக்கூடும். நோயாளிக்கு நேரும் இழப்பு இங்கேதான்.

நம்பகத்தை அறிய வழியென்ன? வினாக்களை இரு பாதியாக்கி ஒப்பிடும் சூத்திரத்தை 1910இல் ஸ்பியர்மனும் பிரவுனும் தனித்தனியே, ஒரே இதழில் வெளியிட்டனர். பாதிகளின் ஒட்டுறவு 0.6 எனில் முழுமையின் நம்பகம் 0.75.

2006இல் வந்த சுருக்க வினாநிரலில் ஒவ்வொரு கூறுக்கும் ஒரே வினா. விடை 0 முதல் 10 வரை ஓர் எண். ஒற்றை வினாவை எப்படிப் பாதியாக்குவது? சில வாரம் கழித்து மீண்டும் கேட்கத்தான் வேண்டும். உடனே கேட்டால் பழைய எண்ணை நினைவில் வைத்துச் சொல்வார். தாழ்த்திக் கேட்டால், அதற்குள் சர்க்கரை குறைந்து, அவர் மனமே மாறியிருக்கலாம். 7 என்றவர் 4 என்றால், பிழை வினாநிரலில் என்று உடனே தள்ளிவிடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அவ்வாறு பிரித்தறியும் வழியை ஸ்பியர்மனின் சூத்திரம் மட்டும் தந்துவிடாது. அந்த இடைக்காலத்தில் என்ன நேர்ந்தது என நோயாளியையே கேட்டறிய வேண்டும்.

ஸ்பியர்மன் 1945 செப்டம்பரில் இலண்டனில் மறைந்தார்.