ஃப்ரியான் தந்த தாமஸ் மிட்ஜ்லி

கார் ஏ.சி. குளிரவில்லை என்றால் நாம் சட்டென்று சொல்வது, கியாஸ் போயிடுச்சு என்பதுதான். போன கியாஸ் எங்கே போச்சு என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியின் அருமையை ஒருவரது வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.

தாமஸ் மிட்ஜ்லி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் 1889 மே 18 அன்று பிறந்தார். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பட்டம் பெற்றார். 1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது கார் எஞ்சின்களில் நாக்கிங் பெரிய தலைவலி. பழியோ கெட்டரிங்கின் இக்னிஷன் அமைப்பின் மேல் விழுந்தது. மிட்ஜ்லி சிலிண்டருக்குள் எரிவதைக் கருவி வைத்து ஆராய்ந்தார். கோளாறு இக்னிஷனில் இல்லை, எரிபொருளில் என்று கண்டார். பல பொருள்களைச் சோதித்து, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயத்தைப் பிடித்தார். நாக்கிங் நின்றது! ஆனால் ஈயம் விஷம் என்பது அன்றே தெரிந்த விஷயம். அவரே ஈய நஞ்சால் படுத்தார். 1924-ல் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்படியும் அவர் அதை ஆதரித்தே பேசினார். உலகில் கார்களுக்கான ஈய பெட்ரோல் முற்றிலும் ஒழிய 2021 ஆயிற்று.

1928-ல் அடுத்த பிரச்சினை வந்தது. அன்றைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு எல்லாம் கசிந்தால் ஆபத்து. மிட்ஜ்லி குழுவினர் தேர்ந்தெடுத்தது ஃப்ரியான், அதாவது ஆர்-12. விஷமில்லை, தீப்பிடிக்காது. 1930-ல் அதை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். 1990-கள் வரை கார் ஏ.சி.களில் அதுவே ஓடியது.

1940-ல் போலியோ அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்து உட்காரத் தாமே கயிறும் கப்பியும் கொண்டு ஓர் அமைப்பு செய்தார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்தார். வயது 55.

கசியும் ஃப்ரியான் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் எச்சரித்தனர். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இதை மிட்ஜ்லி அறிந்திருக்க வழியில்லை. ஈயத்தின் கதை அப்படியல்ல. அங்கே தெரிந்தும் ஒதுக்கினார்.

நாம் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது கோளாறைத் தேடிய முறையை. வீட்டுக் காரில் ஏ.சி. குளிரவில்லையா? கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிறதா, கண்டென்ஸர் ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்ஸரில் தூசி அடைத்திருக்கிறதா, கேபின் ஃபில்டர் சுத்தமா என்று வரிசையாகப் பாருங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகவேண்டாம். காருக்கு அடியில் வெறும் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள், அது குளிர்ந்த காயிலில் படியும் ஈரம். ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் லீக்கை அங்கே சந்தேகியுங்கள். கியாஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கசியும்.

கியாஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது. ஆர்-12க்குப் பின் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் அதே எடை கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். லீக்கை அடைக்காமல் கியாஸ் மட்டும் ஏற்றுவது, காசையும் காற்றையும் சேர்த்துக் கெடுக்கிற வேலை. நாளைய டெக்னீஷியன்களே, முதலில் லீக்கைத் தேடுவோம்; பிறகு கியாஸ் ஏற்றுவோம்!