ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கும் குழந்தையின் முகத்துக்கும் என்ன தொடர்பு? யார் இந்த லூசி வில்ஸ்?

கர்ப்பம்னு தெரிஞ்சதும் டாக்டர் எழுதித் தரும் முதல் மாத்திரை பெரும்பாலும் ஃபோலிக் ஆசிட்தான். அதற்கு விதை போட்டவர் லூசி வில்ஸ். இதில் நம்ம குன்னூருக்கும் சென்னைக்கும்கூட பங்கு உண்டு!

1888-ல் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் அருகே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துத் தேர்வெழுதினார். ஆனால் பட்டம் இல்லை. பெண்களுக்கு அப்போது அங்கே பட்டமே கொடுக்க மாட்டார்கள். பிறகு லண்டனில் மருத்துவம் படித்து 1920-ல் டாக்டர் ஆனார்.

1928-ல் பம்பாய் வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் பலருக்குக் கடுமையான ரத்தசோகை, உயிரே போகிற அளவுக்கு. கிருமியா, சாப்பாடா என்று ஆராய்ந்தார். ஏழைப் பெண்களின் தட்டில் காய்கறியும் பழமும் குறைவு என்பது கண்ணில் பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வு தொடர்ந்தது. ரத்தசோகை வந்த ஒரு குரங்கைக் கடைசியில் தேற்றியது எது தெரியுமா? மார்மைட்! பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்து, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான பொருள். கர்ப்பிணிகளும் அதில் தேறினார்கள். உள்ளே இருந்த சத்து என்னவென்று தெரியாததால் அதற்கு 'வில்ஸ் ஃபேக்டர்' என்றே பெயர். ஃபோலிக் ஆசிட் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1941-ல்தான்.

சரி, முகம் எங்கே வருது? கருவில் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாயாகத்தான் தொடங்கும். அந்தக் குழாயின் விளிம்பிலிருந்து நகர்ந்து வரும் செல்கள்தான் தாடை, முக எலும்புகளின் பெரும்பகுதியை உருவாக்குகின்றன. எந்த ஜீன் எப்போ வேலை செய்யணும், எப்போ நிறுத்தணும் என்பதற்கு டி.என்.ஏ மேல் ஒட்டும் மெத்தில் என்ற சின்ன வேதி அடையாளமும் ஒரு ஸ்விட்ச். ஜீனின் எழுத்து மாறாது, வேலை மட்டும் மாறும். இதுதான் எபிஜெனெடிக்ஸ். அந்த மெத்திலுக்கான சரக்கை சப்ளை செய்வதில் ஃபோலேட்டுக்கு முக்கியப் பங்கு.

1964-ல் லூசி இறந்தார். அடுத்த வருஷமே, கருவின் குறைபாடுகளுக்கும் ஃபோலேட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஹிப்பார்டும் ஸ்மிதெல்ஸும் எழுதினார்கள். ஏற்கெனவே தண்டுவடக் குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களுக்கு, அது மறுபடி வருவதை ஃபோலிக் ஆசிட் 72% குறைத்ததாக 1991-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு விஷயத்தில் ஆதாரம் இவ்வளவு உறுதியாக இல்லை, அதையும் சொல்லிடணும்.

சிக்கல் நேரத்தில்தான். தண்டுவடக் குழாய் சுமார் 28 நாளில் மூடிவிடும், மேலுதடு ஏழு வாரத்துக்குள் இணைந்துவிடும். பலருக்கு அப்போதுதான் கர்ப்பமே தெரியவரும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். முதல் கர்ப்பத்தில் பாதிப்பு இருந்தவங்களுக்கு டோஸ் வேற. அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.