கூரை மாறியது, சுவர் நின்றது: பினாங்கு தேவாலயத்தைக் கட்டிய ரோபர்ட் ஸ்மித்

தாசேக் கெலுகோர் - இங்கிருந்து கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் தீவுக்குப் போய் வருகிறவர்கள் ஜார்ஜ்டவுன் ஃபார்குவார் சாலையில் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். முன்னால் பருத்த தூண்கள், மேலே கூர்மையான கோபுரம், இரு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை. அதுதான் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். தென்கிழக்காசியாவில் தேவாலயமாகவே கட்டப்பட்ட ஆங்கிலிக்கன் ஆலயங்களில் இதுவே மிகப் பழையது. ஆனால், அந்தச் சரிவுக் கூரை ஆலயத்தோடு சேர்ந்து எழுந்ததல்ல. 1864ஆம் ஆண்டில் மாற்றி வைத்தது.

முதலில் இருந்த கூரை ரோபர்ட் ஸ்மித் என்ற பொறியாளரின் காலத்தில் அமைந்தது. 1787இல் பிறந்த அவர், இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பொறியாளராகச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். அங்கிருந்து பினாங்குக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன் ஆங்கிலேயர்கள் கோர்ன்வாலிஸ் கோட்டைக்குள்ளும் பிறகு நீதிமன்றக் கட்டடத்திலும் வழிபாடு நடத்தி வந்தனர். தனியாக ஓர் ஆலயம் வேண்டுமென்று முன்னின்றவர் பாதிரியார் ஹட்சிங்ஸ். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியவரும் இவரே. ஆளுநர் வில்லியம் பெட்ரி கொடுத்த திட்டத்தைத் திருத்தி, கட்டி முடிக்கும் பொறுப்பு ஸ்மித்திடம் வந்தது.

சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தை நேரில் பார்த்தவர்களுக்குப் பினாங்கு ஆலயம் அதன் தம்பி போலத் தோன்றும். அதை முன்மாதிரியாக வைத்துத்தான் இதைக் கட்டினார்கள். கல்கத்தா பிஷப் மிடில்டன் சென்னை ஆலயத்தை 1816இல் அர்ப்பணித்தார். மூன்று ஆண்டு கழித்து, 1819 மே மாதம், பினாங்குக்கு வந்து இதையும் அவரே அர்ப்பணித்தார்.

செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். தோட்டங்களுக்கு நம் பாட்டன் பூட்டன் சஞ்சியில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தீவின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்களின் வியர்வை விழுந்துவிட்டது. ஸ்மித்தின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்தக் கைதிகளில் ஒருவரின் பெயரைக்கூட நாம் சொல்வதில்லை. கூரையைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். என்றாலும் இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1818இல் வேலை முடிந்தபோது ஆலயத்தின் மேல் தட்டையான கூரைதான் இருந்தது. சென்னையில் மொட்டைமாடிக்குப் பழகிய கண்ணுக்கு அது அழகுதான். ஆனால் பினாங்கு மழை வேறு. தட்டையான தளத்தில் தண்ணீர் வழிந்தோடாமல் தேங்கும். வெயிலில் சுண்ணாம்பு வெடிக்கும், வெடிப்பு வழியே நீர் கசியும், கீழேயிருக்கும் மரம் உளுத்துப் போகும். தோட்டத்து லயத்தில் தகரக் கூரைக்குக் கீழே வாளி வைத்து மழை பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்றுதான் 1864இல் அதை எடுத்துவிட்டுச் சரிவுக் கூரை போட்டார்கள்.

அப்போது ஸ்மித் உயிரோடு இருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பே அவருடைய இன்னொரு 'கூரை' இறக்கப்பட்டிருந்தது. பினாங்கிலிருந்து இந்தியா திரும்பியவர், யமுனையிலிருந்து தோவாப் கால்வாய் வெட்டும் வேலையைப் பார்த்தார். டில்லியில் ஸ்கின்னரின் செயிண்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு வடிவம் கொடுத்தார். 1803 நிலநடுக்கத்தில் சேதமடைந்த குதுப்மினாரைச் செப்பனிட்டு, 1828இல் அதன் உச்சியில் புதிதாக ஒரு சிறு மண்டபத்தையும் ஏற்றி வைத்தார். பழைய கோபுரத்துக்கு அது ஒட்டவே இல்லை. 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ் அதைக் கீழே இறக்க உத்தரவிட்டார்.

கட்டடத்தைவிட ஓவியத்தில்தான் அவர் தேறியவர் என்பது என் எண்ணம். பினாங்குக் கொடிமலையிலிருந்தும் மற்ற குன்றுகளிலிருந்தும் அவர் வரைந்த காட்சிகளை வில்லியம் டேனியல் அச்சுப் படங்களாக்கி 1821இல் வெளியிட்டார். அவருடைய எண்ணெய் ஓவியங்கள் பினாங்கு மாநில அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளன. கெலுகோர் மாளிகையையும் அதைச் சுற்றிய வாசனைப் பொருள் தோட்டத்தையும் காட்டும் படமும் அவர் வரைந்ததே. அது தீவிலுள்ள கெலுகோர், நம் தாசேக் கெலுகோர் அல்ல.

ஓய்வுபெற்றுப் போனபின் இங்கிலாந்தின் பெய்ன்டன் கடற்கரையிலும் பிரான்சின் நீஸ் நகரிலும் இந்தியப் பாணியில் இரண்டு மாளிகைகளைக் கட்டினார். 1873இல் இறந்தார். பெய்ன்டன் மாளிகை இன்று ஹோட்டலாக இருக்கிறது.

பினாங்கு ஆலயம் 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டுவீச்சில் சேதமடைந்தது, கொள்ளையும் போனது. போருக்குப் பின், 1948இல்தான் அங்கு மீண்டும் வழிபாடு நடந்தது. 2007இல் அரசாங்கம் அதைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸ்மித் குதுப்மினாரின் உச்சியில் வைத்த மண்டபமும் அழிந்துவிடவில்லை. அதே வளாகத்தில், புல்தரையில், மினாரை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறது.