பக்கவாதத்திற்குப் பின் லூயி பாஸ்டர்



வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டரைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் இல்லை. பக்கவாதத்தால் இடப்பாகம் விழுந்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் அந்த ஊசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போடச் செய்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

பிரான்ஸ் நாட்டின் டோல் நகரில், தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1822 டிசம்பர் 27-ம் நாள் பிறந்தார். 1859-க்கும் 1866-க்கும் இடையில் தம் மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தின் நடுவிலும் நெசவுத் தொழிலை வாட்டிய பட்டுப்புழு நோயை ஆராய்ந்து வந்தார்.

1868 அக்டோபர் 19-ம் நாள் அவருக்கு இடப்பக்கம் மதமதத்தது. அதைப் பொருட்படுத்தாமல் அறிவியல் கழகக் கூட்டத்திற்குச் சென்று வந்தார். அன்றிரவே கையும் காலும் செயலிழந்தன. வயது 45 தான். பிழைக்கமாட்டார் என்றெண்ணி, அவருக்காகக் கட்டப்பட்டு வந்த ஆய்வுக்கூட வேலையையும் நிறுத்திவிட்டார்கள். செய்தி மன்னர் மூன்றாம் நெப்போலியனுக்கு எட்டிய பிறகே வேலை தொடர்ந்தது.

பாஸ்டரோ, நோய் கண்ட சில நாட்களிலேயே படுக்கையில் கிடந்தபடி ஆய்வுக் குறிப்பைச் சொல்ல, மாணவர் எழுதிக்கொண்டார். மூன்று மாதத்தில் மீண்டும் பட்டுப்புழுக்களைத் தேடித் தென் பிரான்சுக்குப் பயணமானார். இடக்கையும் காலும் கடைசிவரை முழுக் குணம் அடையவில்லை. மனைவி மரி அவர் சொல்லச் சொல்ல எழுதினார்; உதவியாளர்கள் அவருடைய கைகளாயினர். 1881-ல் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி. 1885 ஜூலை 6-ல் 9 வயது ஜோசப் மைஸ்டருக்கு வெறிநாய்க்கடி ஊசி. பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால் மருத்துவர் கிரான்ஷே அதைப் போட்டார். சிறுவன் பிழைத்தான்.

1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் கண்மூடியபோது, ஒரு கை மனைவியின் கையிலும் மறு கையில் பாடுபட்ட சுரூபமும் இருந்ததாக அவருடைய மருமகன் எழுதிய வரலாறு கூறுகிறது. அவர் பெயர் தாங்கிய நிலையம் 1907 முதல் நம் குன்னூரிலும் உண்டு.

அன்பர்களே, கை மதமதத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். பாஸ்டர் காலத்தில் இல்லாத சிகிச்சை இன்று உண்டு. நம் வீடுகளில் விழுந்துகிடப்போரை முடிந்துபோனவர்களாக எண்ணி, அவர்களுக்காக நடக்கும் வேலையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொள்ள ஒருவர் அருகில் அமர்ந்தால், அவர்களிடம் சொல்வதற்கு இன்னும் நிறைய இருக்கும்.