நீதிபதி லாண்டிஸ்

கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்பெறும் பேஸ்பால் விளையாட்டை அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்புவர். அவ்விளையாட்டுக்கு முதல் ஆணையராக விளங்கியவர் கெனசா மவுண்டன் லாண்டிஸ். உள்நாட்டுப் போரில் தந்தையார் காயமுற்ற மலையின் பெயரே அவருக்கு இடப்பெற்றது. 1866இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த அவர், 1905இல் சிகாகோவில் நீதிபதியானார். 1919ஆம் ஆண்டு உலகத் தொடரில் சூதாடிகள் புகுந்த செய்தி வெளிப்பட்டு, ஆட்டத்தின் நற்பெயர் கெட்டது. அணி உரிமையாளர்கள் நேர்மைக்குப் பெயர்பெற்ற அவரை நாடி, 1920இல் முழு அதிகாரத்துடன் ஆணையராக்கினர்.

மனிதரை அடக்கிய அவரை வானம் இருமுறை சோதித்தது. 1922 அக்டோபர் 5ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டம், பத்து இன்னிங்ஸ் முடிவில் மும்மூன்று ஓட்டங்களுடன் சமமாக நின்றது. இருள் சூழ்வதாகக் கூறி நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினர். கதிரவனோ இன்னும் மறையவில்லை! சினங்கொண்ட மக்கள் லாண்டிசைச் சூழ்ந்து ஏசினர். அம்முடிவு நடுவர்களுடையது, பழியோ அவருடையதாயிற்று. மற்றோர் ஆட்டம் நடத்திப் பொருளீட்டவே இச்சூழ்ச்சி என்ற ஐயம் எழுந்தமையால், அன்றைய வசூலான 1,20,000 டாலருக்கு மேற்பட்ட தொகையை அறப்பணிகளுக்கு வழங்க ஆணையிட்டார்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1925இல் வாஷிங்டன் அணியும் பிட்ஸ்பர்க் அணியும் மும்மூன்று வெற்றிகளுடன் நின்றன. ஏழாம் ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போயிற்று. மறுநாளும், அக்டோபர் 15இல், மழை விடவில்லை. ஆயினும் ஆட்டம் நடைபெற லாண்டிஸ் இசைந்தார். பழைய ஏச்சு அவர் செவியில் ஒலித்துக்கொண்டிருந்ததோ என்னவோ! மைதானம் சேறாயிற்று, மூடுபனி கவிந்தது. வாஷிங்டனுக்குப் பந்தெறிந்தவர் புகழ்மிக்க வால்டர் ஜான்சன்; வயது முப்பத்தேழு. வழுக்கும் மண்ணில் காலூன்ற இயலாமல் அவர் இடருற்றார்.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் மழையால் ஆட்டம் நின்றாலும் அதுவரை கிடைத்த முடிவு செல்லும் என்பது அன்றைய விதி. அப்போது வாஷிங்டன் 6-4 என முன்னணியில் இருந்தது. நிறுத்தியிருந்தால் வெற்றி அவர்களுக்கே. லாண்டிஸ் நிறுத்தவில்லை. எட்டாம் இன்னிங்சில் பிட்ஸ்பர்க்கின் கைலர் அடித்த பந்து, வலப்புற எல்லைக்கோட்டருகே மூடுபனிக்குள் சென்று மறைந்தது. அது கோட்டுக்குள்ளேயே விழுந்தது என்று நடுவர் தீர்ப்பளித்தனர். இரண்டு ஓட்டங்கள் சேர்ந்தன. பிட்ஸ்பர்க் 9-7 என வென்றது. ஜான்சன் இறுதிவரை பந்தெறிந்து தோற்றார்.

லாண்டிஸ் 1944 நவம்பரில், ஆணையர் பதவியில் இருக்கும்போதே காலமானார்.